கட்-அவுட்டிலிருந்து விழுந்தவர்

வேறு வேலை கிடைக்காததால்தான் கட்-அவுட் கட்டப் போனேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் போடும் லாரி, பேக்கரி அடுப்படி, பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனி என்று எங்கேயும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். ஆட்சித் தலைமை கோயமுத்தூருக்கு வருகிறது என்றால் அவிநாசி ரோட்டில் ஒரு சந்திப்பு விடாமல் கட்-அவுட் எழும்பும். சவுக்குக் கட்டையில் முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்கு அந்த வாரம் சோற்றுக்குக் கவலையில்லை.

என்னோடு சோடி சேர்ந்தவர் அவிநாசிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். தோட்டம் காடென்று கூலிக்குப் போகும் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்றாலும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அவர் மேலே, நான் கீழே. அவர் சொல்லச் சொல்ல நான் கயிற்றை இழுக்க வேண்டும் அல்லது தளர்த்த வேண்டும்.

பெரிய தட்டி எதுவானாலும் காற்று போக அங்கங்கே ஓட்டை வெட்டிவிடுவோம். ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று சும்மா வராது. தலைமை வரும் நாளன்று காலை, கட்-அவுட்டின் உடம்பு, கை, கால் எல்லாவற்றிலும் வெட்டி முடித்து முகத்துக்கு வந்தபோது கட்சிக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"டேய், மூஞ்சியிலயா ஓட்டை போடற? கையை எடுறா!"

"காத்து போகோணுமுங்க. இல்லாட்டி ஆளோட தூக்கிப்போடுமுங்க," என்றார் கூட்டாளி.

"உங்கப்பன் போட்டோவுல ஓட்டை போடுவியா?"

"எங்கப்பனுக்குப் போட்டோவே இல்லீங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் கட்சிக்காரரால் பொறுக்க முடியவில்லை. ஓட்டை போட்டால் இரண்டு பேரும் உள்ளே போவீர்கள் என்றார். பக்கத்தில் நின்ற போலீஸ் அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டையில்லாமல் முகம் மேலே போனது. பாதிக் கட்டு முடிவதற்குள் காற்று வந்துவிட்டது. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. முகமும் அவரும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். இடுப்பும் வலது காலும் நொறுங்கிப்போயின. அவரைப் போலீஸ் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். என்னை ஏற விடவில்லை. ரத்தத்தின் மேல் இரண்டு கூடை மணல் கொட்டினார்கள். வேறு ஆட்கள் வந்து அதே முகத்தைக் கட்டி முடித்தார்கள். மத்தியானம் அந்த மணலின் மேல்தான் தலைமையின் வண்டிகள் வரிசையாகப் போயின.

மறுநாள் காலை உக்கடத்தில் ஒரு டீக்கடை. 'அரசியல் பேசக் கூடாது' என்று சுவரில் எழுதியிருந்தது. பேப்பரில் விபத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஏழு பேராமுங்க. பொணத்தைக் குளத்துல அமுக்கிப்போட்டாங்களாம்."

"அட, அது நரபலிங்க. ஜோசியக்காரன் கேட்டானாமா."

"மெல்லப் பேசுங்க. செவுத்துல எழுதியிருக்குதல்லங்க."

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் வரவில்லை என்று ரோட்டில் குடத்தை வைத்தால் கேஸ், விலைவாசியைப் பற்றி மைக்கில் பேசினால் கேஸ் என்றிருந்த காலம். வாயை மூடிக்கொண்டிருந்த ஊர், ஏழு பிணத்தை வைத்துத்தான் தன் கோபத்தைப் பேசிக்கொண்டிருந்தது. இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆரும் சாகலீங்க. ஒருத்தர்தான் உழுந்தாரு. பெரியாஸ்பத்திரியில இருக்கறாரு. நான்தான் கீழ கயிறு புடிச்சவன்."

கடையே திரும்பிப் பார்த்தது. டம்ளரை வைத்துவிட்டு ஒருவர் மெதுவாகக் கேட்டார். "தம்பி எந்த ஸ்டேசன்ல இருந்து வாரீங்க?"

மப்டி போலீஸ் என்று நினைத்துவிட்டார்கள். உரிந்த கையை விரித்துக் காட்டினேன். பார்க்க ஆளில்லை. பாதி டீயோடு எழுந்து போய்விட்டார்கள்.

நிஜப் போலீஸ் சாயங்காலம் வந்து என்னைக் கூட்டிப்போனது. ஸ்டேஷனில் கூட்டாளியின் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஏழு பேர் செத்தாங்கன்னு ஊரெல்லாம் வதந்தி. பொய்தானே?"

"பொய்தாங்க."

"அப்ப யாரும் விழல."

"ஒருத்தர் உழுந்தாருங்க."

"ஏழும் பொய்னா அதுல ஒண்ணு மட்டும் எப்படிடா நெசமாகும்?"

ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கூட்டாளி சொந்த ஊரில் இளநீர் பறிக்கத் தென்னை மரம் ஏறித் தவறி விழுந்தார், நான் கண்ணால் பார்த்தேன் என்று அதில் இருந்தது. அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை என்று மேலே சொல்லியாகிவிட்டதாம். நான் கையெழுத்துப் போடாவிட்டால், வேண்டுமென்றே கட்-அவுட்டைச் சாய்த்தார் என்று அவர்மேல் கேஸ். விடிந்ததும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியவரைக் கட்டிலோடு விலங்கிட்டுக் காவல் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

"போட்டுருங்க தம்பி," என்றார் கூட்டாளியின் மனைவி. "கால் போனாலும் ஊட்டோட கெடப்பாரு. ஜெயிலுக்குப் போனா நாங்க எங்கீங்க போவோம்?"

போட்டேன். கையெழுத்துப் போடும் அளவுக்குப் படித்திருந்தேன். இன்னும் படித்திருந்தால் மறுத்திருப்பேனா என்று யோசித்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு, மறுத்திருக்க மாட்டேன்.

தீபாவளி கழித்துக் கூட்டாளியின் ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பில் வீட்டைக் கேட்டால், "ஆருங்க, தென்ன மரத்துலருந்து உழுந்தவரு ஊடுங்களா?" என்று கை காட்டினார்கள்.

கால் கோணலாக ஒட்டியிருந்தது. வாசலில் கம்போடு உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஊரில் சொல்லிவிடுகிறேன், என்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மாப்ள. எந்த மரம்னு எல்லாரும் கேட்டாங்க. ஒரு மரத்தக் காட்டிப்போட்டேன். இப்ப மாத்திச் சொன்னா என்னையத்தான் பொய்யன்னுவாங்க. உம்மேல கேஸு, அப்பறம் எம்மேல கேஸு. ஆரு அலையறது?"

"உங்களுக்கு மரமே ஏறத் தெரியாதே?"

"அதையும்தான் கேட்டாங்க."

அந்நேரம் மொபெட்டில் போன, அவர்கள் கூலிக்குப் போகும் தோட்டத்தின் சொந்தக்காரர் வாசலில் நிறுத்தினார். "ஏண்டா, பழக்கமில்லாத வேல உனக்கெதுக்கு? ஒரு இளநிக்கு ஆசப்பட்டு முடமாயிட்டயேடா."

கூட்டாளி கம்பை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார்.

"புத்தி கெட்டுப்போச்சுங்க," என்றார்.

என்னைப் பேச விடாமல் இன்னொரு கையால் என் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தார். காலை உடைத்தவர்கள் அதோடு விடவில்லை. விழுந்ததற்கான பழியையும் அவர் வாயாலேயே ஏற்க வைத்தார்கள், அதுவும் கும்பிட்டு.