உதட்டில் வைக்கும் பித்தளை

போன வாரம் ஹெண்டர்சனில் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். மலேசியத் தமிழ்ப் பிள்ளை, என் மகளைவிடச் சின்னவள். அவளுடைய குட்டிக் கண்ணாடியின் காம்பு என் பல்லில் தட்டுப்பட்டு 'ணங்' என்றது. அந்தச் சத்தம் வெளியே கேட்கவேயில்லை. மண்டைக்குள்ளால் நேரே காதுக்குப் போனது.

"சாரி அங்கிள். பல்லைக் கடிக்காதீங்க, உதட்டை லூசா விடுங்க," என்றாள்.

வாய் நிறைய உலோகச் சுவை. கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் என்று நினைத்திருப்பாள். பயமும்தான், மறைப்பானேன், கதிரை சாயத் தொடங்கும்போதே எனக்குக் கை வியர்த்துவிடும். ஆனால் அந்த நேரம் எனக்குக் கேட்டது வேறொருத்தியின் குரல். மாய் என்று பெயர். ஏறக்குறைய இதையேதான் அவளும் ஒருநாள் என்னிடம் சொன்னாள், இவ்வளவு மரியாதையாக இல்லை.

எண்பதுகளின் பிற்பாதி. இதே நகரத்தின் தெற்கே, மனுரேவாவில் ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நானும் மனைவியும். மறுபாதியில் மாயும் புருஷனும். வியட்நாமின் வடக்கு மலைகளிலிருந்து வந்தவர்கள். வியட்நாம்காரி என்று சொன்னால் மாய் தலையை ஆட்டி "மொங், மொங்" என்று தன் இனத்தின் பெயரைச் சொல்லித் திருத்துவாள். எப்படி வந்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் எங்களைக் கேட்கவில்லை. ஊரைவிட்டு ஓடி வந்தவர்களுக்குள் அது ஒரு நாகரிகம். நடுச்சுவர் வெறும் பலகை. அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம்.

அந்த வருஷம்தான் என் மனைவிக்குக் குரல் கம்மத் தொடங்கியது. தையல் தொழிற்சாலையில் மெஷின் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கதைத்ததால் வந்த வினை என்று நினைத்தேன். டொக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னதாய் ஒரு கட்டி, எடுக்க வேண்டும் என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். விளங்காத சொற்களுக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த நர்ஸ், கணவர் பெயர் என்ன என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெண்சாதியை வாய் திறக்க விடாத ஆள் என்று முடிவு கட்டியிருப்பாள். உள்ளதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? எங்கள் ஊரில் அந்த நாளில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும். கல்யாணம் முடித்து ஐந்து வருஷமாக நான் அவளுக்கு "இஞ்சாருங்கோ"தான்.

கட்டியை எடுத்தார்கள். பயப்படத்தக்க கட்டி இல்லை என்று சில நாளில் தெரிந்தது. குரல்தான் கேள்வி. மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளைக்கு, ஒரு சொல் கதைக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பிறகு குரல் வரலாம், வராமலும் விடலாம் என்றார் டொக்டர். வரலாம் என்றது அவள் காதில் விழுந்தது. வராமலும் விடலாம் என்றது என் காதில் விழுந்தது.

அவள் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினாள். "லைற்றை நூருங்கோ, கண் கூசுது." "எனக்கு ஒண்டுமில்லை, போய்ச் சாப்பிடுங்கோ." சண்டையும் எழுத்தில்தான். பதில் சொல்ல நான் வாயெடுக்குமுன் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

முதல் சனிக்கிழமை மாய் கஞ்சி கொண்டு வந்தாள். கொப்பியைப் பார்த்தாள். "நோ டாக்?" என்று என்னைக் கேட்டாள். ஓம் என்று தலையசைத்தேன். திரும்பிப் போய் விரலளவு மூங்கில் குழாய் ஒன்றைக் கொண்டு வந்தாள். அதைச் சுற்றி நிற நிறமாய் நூல். உள்ளேயிருந்து ஒரு பித்தளைத் தகட்டை உருவினாள். ஐஸ்கிறீம் குச்சியைவிட ஒடுக்கம், இலை போல் மெல்லிசு. நடுவில் அதே தகட்டிலேயே வெட்டிய ஒரு நாக்கு. யன்னலுக்கு நேரே பிடித்தபோதுதான் வெட்டின கோடு தலைமயிரளவு வெளிச்சமாகத் தெரிந்தது.

உதடுகளைச் சற்றே திறந்து, தகட்டை அவற்றில் பொருத்தி, நுனியைப் பெருவிரலால் தட்டினாள்.

முதலில் போத்தலுக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி ஒரு சத்தம். இவ்வளவுதானா என்றிருந்தது. பிறகு அந்த வண்டுக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் எழும்பியது. மெல்லிய விசில் போல, படியேறிப் படியிறங்கியது. பித்தளை ஒரே சுருதியில்தான் நின்றது. மேலே நடந்ததெல்லாம் அவளுடைய வாய். நாக்கை முன்னுக்குக் கொண்டுபோக விசில் உயர்ந்தது, பின்னுக்கு இழுக்கத் தாழ்ந்தது. மூச்சை உள்ளே இழுத்தபோது அந்தச் சின்ன அறை பெருத்தது போலிருந்தது. கையில் மயிர் சிலிர்த்து நின்றது எனக்கு.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். "எங்கட மோர்சிங்தானே," என்று கையை நீட்டினேன். கோயில் கச்சேரியில் மோர்சிங்காரருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவன் அல்லவா? அது இரும்பு, பல்லில் கொடுத்துப் பிடிப்பார்கள். இதையும் பல்லில் கொடுத்துத் தட்டினேன்.

"நோ டீத், நோ டீத்," என்று கத்திக்கொண்டு மாய் பாய்ந்து பறித்தாள். பித்தளை நாக்கு ஒரு பக்கம் வளைந்திருந்தது. நகத்தால் தடவித் தடவி நிமிர்த்தினாள்.

அவளுடைய அரைகுறை ஆங்கிலத்திலிருந்தும் கைச்சாடையிலிருந்தும் நான் பொறுக்கியெடுத்தது இது. அவர்களுடைய மலையில் இளந்தாரி ஒருவன் பெட்டையின் வீட்டுப் பலகைச் சுவருக்கு வெளியே நின்று இதை வாசிப்பான். வாசிப்பது பாட்டல்ல, சொல். வாயால் சொல்ல வெட்கமானதை இதற்குள் வைத்துச் சொல்வது. உள்ளே இருப்பவளுக்கு விளங்கும். அவளுக்கும் ஒருவன் அப்படி வாசித்தானாம். "ஹிம்," என்று நடுச்சுவரைக் காட்டினாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அவன் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

தகட்டை மனைவியின் கையில் வைத்தாள். "யூ டாக்."

எனக்கோ கவலை. தொண்டை வேலை செய்தால்? புண் பிரிந்தால்? நாலு நாள் அவளைத் தகட்டைத் தொட விடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து நர்ஸிடம் கேட்டேன். என் விளக்கத்தில் அவளுக்கு என்ன விளங்கியதோ, தொண்டை அதிராவிட்டால் சரி என்றாள். அன்றிலிருந்து மனைவி பழகும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து, அவள் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டேன். காவல்.

முதலில் வெறும் டிக் டிக். உதடு கூசி, கண்ணீர் வரச் சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு ஒரு 'ஆ' வந்தது. ஒரு 'ஈ'. அரிவரிப் பிள்ளை போல உயிரெழுத்துகளை அவள் வாய்க்குள் உருட்ட, பித்தளை ஒவ்வொன்றாகச் சொன்னது. என் விரலுக்கடியில் தொண்டை அசையவில்லை, நாடி மட்டும் துடித்தது. உதடு ஒட்டும் எழுத்துகளுக்கு வழியில்லை. அம்மா வரவில்லை, அப்பா வரவில்லை, ஓம் என்பது ஓவோடு நின்றது. மற்றவை, என் காது பழகப் பழக, ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. நல்லாக வந்தால் மாய் சுவரில் தட்டி "குட்" என்பாள்.

மூன்றாம் கிழமை, ஞாயிறு காலை. மறுநாள் டொக்டரிடம் போக வேண்டும். குரல் வராவிட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் யன்னலடியில் இருந்து தகட்டை எடுத்தாள். நான் விரலை வைத்தேன். மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. எனக்குப் பிடிபடவில்லை, அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. மூன்றாம் தரம்தான் கேட்டது.

என் பெயர்.

அம்மா கூப்பிட்ட மாதிரி இல்லை, கூட்டாளிகள் கூப்பிட்ட மாதிரியும் இல்லை. வண்டின் வயிற்றுக்குள்ளிருந்து புறப்பட்டு, விசிலின் மேல் ஏறி, அது வந்தது. விரலடியில் தொண்டை அசையாமல் இருந்தது. அதே விரலை எடுத்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன்.

அவள் கொப்பியை இழுத்து எழுதினாள். "நான் சொல்லேல்லை, பித்தளைதான் சொன்னது. உங்களுக்கு ஒண்டும் வராது." பேனையைக் கடித்து யோசித்துவிட்டு அதன் கீழே எழுதினாள்: "குரல் வராட்டி, ஒருக்காலும் சொல்லாமலே போயிருப்பன்."

மறுநாள் மோட்டர்வேயில் ஐம்பதுக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளினார்கள். பித்தளை சொன்னாலும் ஆயுள் ஆயுள்தானே.

டொக்டர் பார்த்துவிட்டு, எதையாவது சொல்லுங்கள் என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். ஆம்பிளைக் குரல் போலக் கரகரப்பு. ஆனால் குரல். "ஏன் அழுறியள்? பிளேன் டீ ஒண்டு வாங்கித் தாங்கோ."

அடுத்த வருஷம் மாயும் புருஷனும் சொந்தக்காரரைத் தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். தகடும் போனது. அந்த வீட்டை இடித்து நாலு யூனிட் கட்டிவிட்டார்கள். நாங்கள் கிளென் ஈடனுக்கு வந்து வெகுகாலம்.

இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டொக்டரை, முதலாளியை, மருமகன் என்னை. எந்த நாளில் என்று தெரியாமலே என் மனைவியும் தொடங்கிவிட்டாள். முதலில் வங்கியில், பிறகு போனில், பிறகு என் முகத்துக்கு நேரே. எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்களில், புருஷனின் பெயரைச் சொல்லாமல் வைத்திருக்கும் பெண் இப்போது ஒருத்தியும் இல்லை. நல்லதுதான். ஒரு பெயருக்குப் பயந்து சீவிப்பது என்ன சீவியம்?

நேற்று சூப்பர் மார்க்கெட்டில், தயிர் இருக்கும் பக்கமிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கொழுப்புக் குறைஞ்சதோ, மற்றதோ?"

"மற்றது," என்றேன், திரும்பிப் பார்க்காமலே.