கிணறுகளை எண்ணிய ராசிக் காக்கா

ராசிக் காக்கா இன்று காலை போய்விட்டார். மருதமுனையிலிருந்து இப்போதுதான் ஃபோன் வந்தது. அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் மேப் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஒன்றாகச் சேர்ந்தோம். அவர் ஜிபிஎஸ்ஸோடு வெயிலில் நடப்பார். நான் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன்.

ஒருநாள் செக்பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் அந்த ஜிபிஎஸ்ஸைக் கண்டு அவரை அரைநாள் மறித்து வைத்தார்கள். வந்ததும் முதலில் டேட்டாவைத் தந்தார். பிறகுதான் பிளேன்டீ கேட்டார்.

கடலோரத்தில் வீடே மிஞ்சாத இடங்களில் காக்கா கிணறுகளை எண்ணுவார். ஒரு கிணற்றுக்கு ஒரு வீடு என்று புள்ளி போடுவார். அப்படி ஒரு ரூல் இல்லை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்...

"கிணறு தானா முளைச்சதா தங்கச்சி? ஆள் இருந்துதானே தோண்டின."

யுத்தம் முடிந்த கையோடு புது சிஸ்டம் வந்தது. ஒரே டேட்டாபேஸ். சந்து சந்தாகக் காட்டும் ஒழுங்கைப் படம், ஊர்ப் படம், மாவட்டப் படம் எல்லாம் அதிலிருந்தே வரும். ஊர்ப் படம் நெரிசலாகாமல் இருக்க, எத்தனை வீட்டுக்குக் குறைந்தால் அதில் ஓர் ஒழுங்கையை விட்டுவிடலாம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும்.

நான் பத்து என்று கொடுத்தேன். வீடில்லாமல் கிணற்றுக்காக மட்டும் போட்ட புள்ளிகளையும் அழித்தேன். வேலை துப்புரவாக முடிந்தது என்று பெருமை வேறு.

காக்காவின் ஒழுங்கையில் ஏழு குடும்பங்கள் தகரக் கொட்டில் போட்டுத் திரும்பியிருந்தன. மற்றதெல்லாம் அவர் எண்ணிய கிணறுகள். ஊர்ப் படத்தில் அந்த ஒழுங்கையே இல்லாமல் போனது.

தண்ணீர்க் குழாய் எங்கெங்கே என்று முடிவெடுத்த கூட்டத்தில் விரித்தது அந்தப் படத்தைத்தான். கிணறெல்லாம் உப்பாகிப் போன ஒழுங்கை அது... லிஸ்டில் வரவில்லை. நான் படத்தைத் திருத்துவதற்குள் லிஸ்டை மூடிவிட்டார்கள்.

அந்த ஒழுங்கைச் சனம் ஆபீசுக்கு வந்து ஏசியது. காக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"புள்ளைக்கு ஏசாதீங்க. இது கம்ப்யூட்டர் செஞ்ச பிழை."

நான் வாயைத் திறக்கவில்லை.

குழாய் வரும்வரை வருடக்கணக்காக அவர் மனைவி அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்தார். அந்த வீட்டிலிருந்துதான் ஒவ்வொரு பெருநாளைக்கும் பெரியநீலாவணையில் என் வீட்டுக்கு வட்டிலப்பம் வரும். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருந்தது காக்கா என்று மட்டும் சொல்வேன்.

காக்கா... அது கம்ப்யூட்டர் இல்ல. நான்தான்.

போயிட்டு வாங்க.