கம்பளி போர்த்திய பியர்

போன வருடத்துக்கு முந்தைய வருடம் மாசி மாதம் இது நடந்தது. நாங்கள் இருப்பது டென்மார்க்கில், வைலே நகரத்தின் மேட்டுப் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். அந்தக் குளிர்காலம் போவேனா என்று நின்றது. பனி உருகுவதும் திரும்ப உறைவதுமாக வாசலில் கால் வைக்கவே பயமாக இருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பியர் குடிப்பதில்லை. எங்கள் வீட்டுக்குப் பியர் வருவதே அப்பத்துக்காகத்தான். ஊரில் அப்ப மாவைப் புளிக்க வைக்கக் கள் விடுவார்கள். இங்கே கள்ளுக்கு எங்கே போவது? ஒரு தகர ரின் பியரில் கொஞ்சம் விட்டுக் கரைத்து வைத்தால் விடியும்போது மா பொங்கி நிற்கும். ரின்னில் மிச்சம் இருப்பதை வீணாக்கக் கூடாது என்று என் கணவர் குடித்துவிடுவார். அப்பம் சுட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று அவர் அடிக்கடி நினைவுபடுத்துவதன் காரணமும் எனக்குத் தெரியும்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது வரவிருந்தது. ஐம்பதாவது பிறந்தநாள் என்றால் இந்த நாட்டில் கலியாண வீடு மாதிரி. ஓகூஸ் நகரத்தில் படிக்கும் எங்கள் மகள், அப்பா அன்றைக்குத் தன் கையால் செய்த பியரைக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று, வீட்டிலேயே பியர் காய்ச்சும் பெட்டி ஒன்றைக் கிறிஸ்மஸ் பரிசாகக் கொடுத்திருந்தாள். அவர் திறந்து பார்த்து, "பிறகு பாப்பம்" என்று மூடி வைத்தார். அந்தப் 'பிறகு பாப்பம்' பரணுக்குப் போகிற சாமான்களுக்கு அவர் வைக்கும் பெயர். எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்ச தாங்கோ, நான் செய்யிறன்" என்றேன்.

"உமக்கேன் இந்த வேலை? குடிக்கவும் மாட்டீர்" என்று சிரித்தார்.

"ஆரிட்டக் கதைக்கிறியள்? மா புளிக்க வைக்கிறவளுக்கு இது பெரிய வேலையோ?"

எல்லா வினையும் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது. புளிக்க வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாளும் மிதக்கிற கண்ணாடிக் குழாய் ஒன்றும் இருந்தன. புளித்து முடிந்துவிட்டதா என்று அந்தக் குழாயை விட்டுப் பார்த்து, அடுத்தடுத்த நாட்களில் ஒரே அளவு காட்டினால் மட்டுமே போத்தலில் விட வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. எனக்கு மூக்கு இருக்கும்போது குழாய் எதற்கு என்று அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

முளைத்த பார்லியில் எடுத்த, பாகு மாதிரி இருந்த மால்ட்டைச் சுடுநீரில் கரைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி, வாளியை மூடிப் பின்கதவுப் பக்கத்துச் சிறிய அறையில் வைத்தேன். துணி துவைக்கும் மெஷினும், வெளியே போட்டுப் போய் வந்து கழற்றும் சப்பாத்துகளும் இருக்கும் அறை அது. சில நாட்கள் வாளி மூடியில் செருகியிருந்த காற்றுக் குழாய் குளுக், குளுக் என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வேலையால் வந்ததும் அதைப் போய்க் கேட்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அறையில் ஹீட்டர் இல்லை, குளிரில் ஈஸ்ட் விறைத்துப்போய்ப் பாதிப் புளிப்பில் கிடக்கிறது என்று என் பேர்போன மூக்குக்குத் தெரியவில்லை.

போத்தல் விஷயத்திலும் எனக்கு அழகு வேண்டியிருந்தது. பழைய பியர்ப் போத்தலில் விட்டால் பிறந்தநாள் மேசையில் எடுபடாது என்று, மலிவுக் கடையில் சதுர வடிவக் கண்ணாடிப் போத்தல்கள் வாங்கினேன். மேலே கம்பி போட்டு இறுக்கிப் பூட்டுகிற மூடி. எண்ணெயும் சாறும் விட்டு வைக்கிற மெல்லிய போத்தல்கள் அவை. ஒவ்வொன்றிலும் சீனி போட வேண்டும் என்று தாள் சொன்னது. தேத்தண்ணிக்குப் போட்டுப் பழகிய கை, கரண்டியைக் கூம்பாகவே அள்ளியது.

அடுத்து நான் செய்ததை எங்கள் ஆட்கள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். இங்கே குளியலறைத் தரைக்குக் கீழே சுடுநீர்க் குழாய் ஓடும். வெறுங்காலோடு நின்றால் இதமாக இருக்கும். குளிர்காலத்தில் எங்கள் வீட்டு அப்ப மாச் சட்டிக்கு அதுதான் இடம். சட்டியை அங்கே வைத்துக் கம்பளியால் போர்த்திவிடுவேன். ரொய்லெட்டுக்குப் போன டேனிஷ் விருந்தாளி ஒருவர், உள்ளே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று திரும்பி வந்ததும் உண்டு. பியர்ப் போத்தல்களையும் அப்படியே வரிசையாக அந்தச் சூட்டுத் தரையில் அடுக்கிக் கம்பளி போர்த்தினேன்.

சில நாளில் ஒரு போத்தலைத் திறந்தோம். புஸ் என்று நுரை வந்தது. என் கணவர் குடித்துவிட்டு, "சும்மா சொல்லக் கூடாது, கடைப் பியரை வெண்டிட்டீர்" என்றார். என் கால் தரையில் நிற்கவில்லை.

எங்கள் சுவரோடு ஒட்டிய வீட்டில் ஒரு டேனிஷ்காரர் தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், மனைவி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பனி விழுந்தால் வீட்டு முன் நடைபாதையை அவரவர்தான் துப்புரவாக்க வேண்டும். எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. நான் வெளிக்கிடும் நேரத்தில் எங்கள் வாசல் பனியையும் அவர் அள்ளி முடித்திருப்பார். அந்த நன்றிக்காக ஒரு போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி எப்போதும் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம். வேலை முடிந்து வந்து, குளிக்கலாம் என்று குளியலறைக்குள் துவாயை வைத்தேன். அந்த நேரம் குசினியில் போன் அடித்தது. மகள். அதை எடுக்கப் போனேன். "சொல்லு பிள்ளை" என்றதுதான் தாமதம், பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். வீட்டுச் சுவரே அதிர்ந்தது. ஹீட்டர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உடனே இன்னொன்று. அதன் பின்னால் கண்ணாடி கொட்டுகிற சத்தம். குளியலறைக் கதவின் கீழால் மண்ணிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. சற்றுமுன் நான் வெறுங்காலோடு நின்ற இடம் அது.

போனில் மகள் கத்திக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கதவைத் திறக்க வேண்டாம், மற்றவையும் வெடிக்கும் என்றாள். போத்தலுக்குள் அது இன்னும் புளித்துக்கொண்டிருக்கிறது, காற்றுப் போக வழியில்லை என்று விளக்கினாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

மடு மாதாவே, அந்த மனுசன்!

எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. போனும் கையுமாக, வீட்டுச் செருப்போடு பனியில் சறுக்கிச் சறுக்கி அவருடைய வாசலுக்குப் போனேன். போனவள் அங்கே நின்றுவிட்டேன். இந்த நாட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. பக்கத்து வீடென்றாலும் ஒரு செய்தி அனுப்பிப் பதில் வந்த பிறகுதான் போவோம். பழக்கம் என்னை எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்றால், என் விரல்கள் 'போத்தலைத் தொட வேண்டாம்' என்று போனில் தட்டிக்கொண்டிருந்தன. அனுப்பினேன். பதில் இல்லை. அப்போதுதான் மணியை அடித்தேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன், குத்தினேன். கார் நிற்கிறது, புகைபோக்கியில் புகை வருகிறது, ஆளைக் காணவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னென்ன கற்பனை செய்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ காயங்களைப் பார்த்தவள் நான். ஆனால் அவை ஒன்றும் நான் கொடுத்த பரிசால் வந்தவை அல்ல.

வேலியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குள் புகுந்தேன். வரவேற்பறையின் பெரிய கண்ணாடிக் கதவால் உள்ளே தெரிந்தது. விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்துச் சாய்கதிரையில், காதில் ஹெட்போன் மாட்டி வானொலி கேட்டபடி அவர் கண்மூடி இருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் சின்ன மேசை. அதன் மேல் என் போத்தல், அடுப்பின் சூடு நேரே படுகிற இடத்தில். பக்கத்தில் மூன்று கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. ஏனென்றால் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர் தவறாக விளங்கிக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போத்தலைக் கையில் எடுத்து எனக்கு உயர்த்திக் காட்டினார். பெருவிரலைக் கம்பியில் வைத்தார்.

எத்தனையோ வருடமாகப் பேசுகிற டேனிஷ் முழுவதும் என் வாயைவிட்டுப் போய்விட்டது. "வேண்டாம்! வையுங்கோ! கீழ வையுங்கோ!" என்று தமிழில் கத்துகிறேன். அந்தத் தடித்த கண்ணாடிக்குள்ளால் அதுகூட அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அது யோசித்துக் காட்டிய சைகை அல்ல, பார்க்கப் பயந்து பொத்தியது. ஆனால் அதுதான் அவரை நிறுத்தியது. விரல் இடுக்கால் பார்த்தேன். அவர் சிரிப்பு மறைந்து, போத்தலை மெல்ல மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திறக்க வந்துகொண்டிருந்தார்.

கதவு திறந்ததும் அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அதுவரை அவருக்கு நான் கை கொடுத்துக்கூடப் பழக்கமில்லை. சப்பாத்தில்லாமல் மேஸ் மட்டும் போட்ட காலோடு அவர் பனியில் நிற்க, கதவைச் சாத்திவிட்டு, திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை. தான் போய் அதைத் தோட்டத்தில் கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னார். நான் அவர் சட்டையை விடவில்லை. கம்பளிச் சட்டை கிழிந்தாலும் கிழியட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய கால் நனைந்து விறைக்கிறது, எனக்குப் பல் கிட்டுகிறது, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் வீணாக ஆரவாரம் பண்ணுகிறேனோ என்று எனக்கே வெட்கமாக வரத் தொடங்கியது.

அப்போது வெடித்தது. வெளியே நின்ற எங்களுக்கே காதடைத்தது. நுரை உட்கூரை வரை போனது. உள்ளே போய்ப் பார்த்தபோது, அவர் தலை சாய்த்திருந்த இடத்தில் கதிரைத் துணியை வெட்டிக்கொண்டு ஒரு கண்ணாடித் துண்டு நின்றது. மேசையில் இருந்த கிளாஸ்கள் தூள். நான் அந்த ஈரத் தரையிலேயே குந்தியிருந்து அழுதேன்.

அவர் அந்தக் கதிரையைப் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு போர்வை கொண்டுவந்து தந்தார். ஏன் இத்தனை நாளும் குடிக்காமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லக் கூச்சம். உடைந்த கிளாஸ்களைக் காட்டி, "உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சேர்ந்து குடிக்கலாம் என்றுதான் வைத்திருந்தேன்" என்றார். கூப்பிட நினைக்கும் ஒவ்வொரு நாளும், வேலையால் களைத்து வருகிறவர்களுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டாராம்.

எனக்கு ஊசியால் குத்தியது போல இருந்தது. நான் கொடுத்த அன்றே அவர் திறந்திருந்தால் நாங்கள் திறந்தது போல வெறும் நுரை வந்து அடங்கியிருக்கும் என்று மகள் பிறகு சொன்னாள். ஆபத்து வளர்ந்தது அவர் எங்களுக்காகக் காத்திருந்த நாட்களில்தான்.

அன்று பின்னேரம் என் கணவர் வந்து, தரைச் சூட்டை நிறுத்தி, குளியலறை யன்னலை வெளியிலிருந்து திறந்து குளிரை உள்ளே விட்டார். மற்றப் போத்தல்கள் நன்றாகக் குளிர்ந்து அடங்கிய பிறகு, தடித்த ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டு ஒவ்வொன்றாகக் காற்றுப் போக்கினார். "கலியாணம் கட்டேக்க இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை" என்று முணுமுணுத்தார். பிறந்தநாளுக்குக் கடைப் பியர்தான். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் மேசையில் எங்களோடு இருந்து அப்பமும் சம்பலும் சாப்பிட்டார்.

பியர் காய்ச்சும் சாமான்களைப் பிறகு நான் தொடவில்லை. ஆனால் யாருக்காவது ஒரு கிண்ணம் கறி கொண்டுபோனாலும், வாசலில் நீட்டிவிட்டுத் திரும்ப எனக்கு இப்போது கால் வருவதில்லை. உள்ளே போய் ஒரு ஐந்து நிமிடமாவது இருந்து கதைத்துவிட்டு வந்தால்தான், கொடுத்ததைக் கொடுத்து முடித்ததாக மனம் ஒப்புகிறது.