ரெஜினா அக்கா அடைக்காமல் விட்ட ஓட்டை

சென்ற செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட இடைவேளையில் தொலைபேசி அடித்தது. ரெஜினா அக்காவின் மகள் ஜெசி. “ரீச்சர், அம்மா காலமை போயிட்டா” என்றாள். தேநீர் போட எழும்பியவர் அடுப்படியிலேயே நிலத்தில் குந்தி இருந்துவிட்டாராம். இருந்தபடியே மூச்சு நின்றுவிட்டது. அவருக்கு இதய வருத்தம் இருப்பது எங்களுக்குத் தெரியும். அது இவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது.

மீன் ஏற்றும் ஐஸ் பெட்டிகளுக்கு உட்புறம் தகரம் அடிப்பவர் என்றுதான் குருநகரில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் வேறொரு வழியால் பழக்கமானார்.

நான் தெல்லிப்பழைப் பக்கத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாண நகரில் ஒரு பழைய தியேட்டரை இடித்தபோது, அதன் முன்மண்டபத்தில் கிடந்த ரொபி மிட்டாய் மெசின் ஒன்று என் கைக்கு வந்தது. நெஞ்சளவு உயரமான இரும்புப் பெட்டி. காசைப் போட்டுக் கைபிடியை இழுத்தால் கீழே ஒரு ரொபி விழவேண்டும். மின்சாரம் கிடையாது. அப்படியானால் நல்ல காசையும் போலிக் காசையும் அது எப்படிப் பிரித்தறிகிறது? அதை அறியவேண்டும், மாணவிகளுக்குக் கண்காட்சியில் காட்டவேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் கதவு இல்லை. தகடெல்லாம் துரு.

புத்தூரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். வெல்டிங் கம்பியை வைத்த உடனே பக்கத் தகட்டில் மூன்று இடம் உருகி விழுந்தது. “உது சரிவராது ரீச்சர், பழைய இரும்புக்குக் குடுங்கோ” என்றார்கள். இன்னொரு பிழையான கையில் கொடுத்தால் மெசின் முடிந்துவிடும் என்று பயந்து ஒரு வருடம் அதைச் சாக்கால் மூடி வைத்திருந்தேன். எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருபவர்தான் ஒருநாள் சொன்னார்: “எங்கடை ஐஸ் பெட்டி செய்யிற அக்காவிட்டைக் கேட்டுப் பாருங்கோ. ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகாது.”

முதல்நாள் ரெஜினா அக்கா ஒரு வேலை ஆயுதத்தையும் எடுக்கவில்லை. மெசினைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் துரு பிடித்த இடங்களைக் காட்டிக்கொண்டே போனேன். அவர் என் கையை விலக்கினார். “முதல் சரியா இருக்கிறதைப் பாப்பம், ரீச்சர். பழுதானது எங்கையும் ஓடாது.”

போரால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கடற்கரையில் ஒரு மீன் வாடியில் ஓட்டைத் தகரங்களை ஈயம் வைத்து ஒட்டித் தொழில் பழகியவர் அவர். பெட்டி செய்து முடிந்ததும் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து உள்ளே ஊற்றிவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்பார். எங்கே நீலம் வெளியே தெரிகிறதோ அங்கே திரும்பவும் ஒட்டு. மெசினின் கதவுக்கு முதலில் அட்டையில் வெட்டி அளவு பார்த்தார். பிறகு தகட்டில் செய்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தகடு ஒரு நூல் அளவு தடிப்புக் கூடிவிட்டது. பூட்டு முழுதாக விழவில்லை. ஆரும் கவனிக்கமாட்டார்கள் என்றேன். “நான் கவனிச்சிட்டனே” என்று சொல்லிவிட்டு, என் முன்னாலேயே அந்தக் கதவைத் துண்டு துண்டாக வெட்டினார். இரண்டாவது கதவு டக்கென்று பூட்டியது.

காசின் புதிரும் அவர் வீட்டு முற்றத்தில்தான் அவிழ்ந்தது. உள்ளே விரல்நகம் அளவில் ஒரு தராசுக் கை. நிறை போதாத காசு வந்தால் அது தாழாது. காசு பக்கத்தால் வழுக்கி வெளியே வந்துவிடும். அந்தப் பழைய இருபத்தைந்து சதக் குற்றிகள் இப்போது புழக்கத்தில் இல்லை. ரெஜினா அக்கா பித்தளையில் வட்டம் வெட்டி, மெசின் ஏற்றுக்கொள்ளும்வரை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். “களவுக் காசு அடிச்சதெண்டு பிடிச்சா, ரீச்சரும் என்னோடை வரோணும்” என்று சிரித்தார்.

கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வேலை நின்றுவிட்டது. எல்லா ஓட்டைகளையும் அடைத்தவர் பின்தகட்டில் ஒன்றை மட்டும் விட்டிருந்தார். ரொபி விழும் வாசலில் தளர்ந்து தொங்கிய பித்தளைத் துண்டையும் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“இந்த ஓட்டையைத் தடவிப் பாருங்கோ. விளிம்பு மழமழெண்டு இருக்கு. துரு உப்பிடித் தின்னாது. ஆரோ அரம் போட்டிருக்கினம். உந்தத் துண்டும் மெசினோடை வந்ததில்லை. என்னத்துக்கெண்டு தெரியாமல் நான் கை வைக்கமாட்டன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அக்கா, நான் உங்களிட்டைத் திருத்தத்தான் தந்தனான். ஆராய்ச்சி செய்யத் தரேல்லை.”

“அப்ப நீங்கள் உதை என்னத்துக்கு வாங்கினீங்கள்?” என்றார்.

அடுத்த நாள் தியேட்டர் இருந்த பக்கம் போனேன்.

விசாரித்ததில், அந்தத் தியேட்டரில் ரிக்கெற் கிழித்த கதிரவேலு அண்ணை நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறார் என்று தெரிந்தது. இருவரும் பஸ் ஏறிப் போனோம். பித்தளைத் துண்டின் படத்தைக் காட்டியதும் அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

“உது என்ரை வேலை. முதலாளிக்குத் தெரியாது.”

“ஏன் அண்ணை செய்தனீங்கள்?” என்று ரெஜினா அக்கா கேட்டார்.

“ஒரு காசோடை ரெண்டு பிள்ளையள் வருங்கள். ஒண்டு விழும். பிறகு ரெண்டும் குளறுங்கள், படம் பாக்க வந்த சனமெல்லாம் என்னைப் பேசும். பின்னாலை ஒரு கம்பி விட்டனான், பிள்ளை. அதை இழுத்தா இந்தத் துண்டு நிமிரும், ரெண்டு விழும்.”

“அந்த ஓட்டையாலையோ?”

“ஓம், அந்த ஓட்டையாலைதான்.”

திரும்பி வரும்போது பஸ் முழுக்க ரெஜினா அக்கா தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். அடுத்த நாளே சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை அந்த ஓட்டைக்குள் கோத்துவிட்டார்.

கண்காட்சியன்று மெசினுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போட்டிருந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தங்கச்சியோடு வந்து பித்தளைக் காசைப் போட்டு இழுத்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள். “ரீச்சர், ஒண்டு கூட விழுந்திட்டுது. மெசின் பிழை” என்று ஒரு ரொபியை நீட்டினாள். நான் ரெஜினா அக்காவைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை மெசினுக்குப் பின்னால் இருந்தது.

“பிழையில்லை. தங்கச்சிக்குக் குடு” என்றேன்.

தேவாலயத்தில் அவரின் உடலை வைத்திருந்தபோது ஐஸ் பெட்டிக்காரர் பலர் வந்து நின்றார்கள். வெளியே வந்து அவர்களோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரிடமும் அவர் செய்த பெட்டி ஒன்று இன்னும் ஒழுகாமல் இருக்கிறது. என்னிடம் இருப்பது வேறு. நேற்றுத் தவணைப் பரீட்சைத் தாள் திருத்தினேன். ஒரு பிள்ளை ஒரு கணக்கை முற்றிலும் பிழையாகச் செய்திருந்தாள். முன்பென்றால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். இன்று காலை அவளைக் கூப்பிட்டு, “ஏனம்மா இப்படிச் செய்தனீ?” என்று கேட்டேன். அவள் பயந்து பயந்து சொல்லத் தொடங்கினாள். விடை பிழைதான். ஆனால் அவள் அப்படி நினைத்ததற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன்.