படத்துக்கு வெளியே போன புயல்

எங்கள் குடும்பத்தில் எனக்கு 'மழைக்காரி' என்று பெயர். வைத்தவர் என் அண்ணன். மழை வரும் என்று நான் சொல்லி வராமல் போன நாள் ஒன்றே ஒன்று உண்டு. அது அவருடைய கல்யாண ஊர்வலத்தன்று. சுட்டெரிக்கிற வெயிலில் குடையும் கையுமாக நடந்த மாப்பிள்ளை ரங்கூனிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். முப்பது வருஷமாகியும் அவர் அதை மறக்கவில்லை. சொன்னபடி மழை வந்த நாட்கள் எத்தனையோ. அவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

நான் ரங்கூன் தாகேதாவில் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். வெள்ளைச் சட்டை, பச்சை லொஞ்சிக் கைலி, மறுபடி வெள்ளைச் சட்டை. கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு முன்பு ரேடியோ, இப்போது கைபேசி. பர்மிய மொழியில் வானிலை அறிக்கை படிப்பவர்கள் வடக்கே தொடங்கித் தெற்கே முடிப்பார்கள். கச்சின் மலை உச்சியில் பனி விழுகிறது, ஷான் மேட்டில் உறைபனி, மந்தலைப் பக்கம் காலையில் மூடுபனி, தெனாசரிம் கரையில் ஆங்காங்கே தூறல், ரங்கூனில் வானம் தெளிவு. ஒரே நாளில் ஒரே நாட்டில் ஒருவன் பனியில் விறைக்கிறான், இன்னொருவன் பனியனோடு விசிறிக்கொள்கிறான். நான் மந்தலையைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனாலும் நாடு முழுவதும் எனக்குத் தெரிந்த வீடு மாதிரிதான்.

தினமும் சாயங்காலம் அந்த அறிக்கையைத் தமிழில் பேசிக் குடும்பக் குழுவில் போடுவேன். குழுவில் முப்பதுக்கு மேல் ஆட்கள். பாதிப் பேர் என் குரலைக் கேட்பதே இல்லை என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று விடமாட்டேன். கேட்காதவர்களுக்காகக் கேட்கிறவர்களை ஏன் தண்டிக்க வேண்டும்?

அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் நெல் போடுகிறார். அவருக்கு நான் சொல்லும் வானிலை ஆகாது. அவர் கேட்பது சென்னையிலிருந்து ஒருவர் யூடியூபில் சொல்வதை. மனிதர் நன்றாகப் பேசுவார், நானே ஒத்துக்கொள்கிறேன். சுத்தத் தமிழ், அழகான படம், அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்குவார். எங்கள் குடும்பத்தில் யாரும் சென்னையைப் பார்த்ததில்லை. பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்ததோடு சரி. ஆனால் கடலூரில் கனமழை என்றால் இங்கே அண்ணன் வீட்டில் மாடியில் காயும் துணியை எடுப்பார்கள். கேலிக்குச் சொல்லவில்லை, நடந்ததுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பரில், அறுவடை நேரத்தில், கடலில் ஒரு புயல் உருவானது. அண்ணன் அப்போதுதான் ஒன்றரை ஏக்கர் அறுத்துப் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அறுத்த நெல்லை நாலைந்து நாள் வயலிலேயே பரப்பிக் காயவிட்டுத்தான் கட்டுவார்கள். குளிர்காலத்தில் மழை வராது என்பது அவ்வளவு நிச்சயம். அந்த வருஷ நெல் அவருக்கு உயிர். முந்தைய வருஷம் உப்புத்தண்ணீர் ஏறி விதைக்குக்கூட மிஞ்சவில்லை. இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு ஷ்வேப்யிதாவில் ஏதாவது தொழிற்சாலைக்குக் காவல்காரராகப் போகவேண்டியதுதான் என்று அண்ணி என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அண்ணி அழவில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கிப் போகிறது என்று சென்னைக்காரர் சொன்னார். மூன்று நாள் எங்கள் குழுவில் வேறு பேச்சே இல்லை. முகம் பார்த்திராத சொந்தங்களுக்காக எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுக் காணொளி வந்தது. புயல் திசை மாறி வடகிழக்கே விலகுகிறது, மக்கள் அச்சப்படத் தேவையில்லை. அவ்வளவுதான், குழு முழுக்கக் கும்பிட்ட கைகள், பூக்கள், தீபங்கள். அண்ணன் எழுதினார்: "முருகன் காப்பாத்திட்டான். ஆபத்து நீங்கிருச்சு."

எனக்கு வந்த கோபத்தில் ஊசியை உடைத்தேன். அந்தக் காணொளிக்காரர் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவர் அவருடைய கரைக்குச் சொன்னார், சரியாகவே சொன்னார். கடலுக்கு இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு, நம்மை நோக்கித் திரும்பிய புயலுக்கு நாமே பூப்போடுகிறோமே என்றுதான் எனக்கு ஆத்திரம். குரல் செய்தி போட்டேன்: "வெலகி எங்க போவுது? வடகெழக்குல யாரு வீடு இருக்கு? நம்ம வீடுதான இருக்கு!" பதிலுக்கு யாரோ ஒரு பொடிசு மட்டும் குடைப் படம் போட்டது.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏ புள்ள, சவுங் மாசத்துக் குளிர்ல இங்க மழ பேயுமா? ஒனக்கு எப்பவும் இதே பேச்சு," என்றார். "சொல்றவன் படிச்சவன்."

"நம்ம வானிலை ஆபீஸ்காரன் மட்டும் மாடு மேச்சவனா? புயலுக்குப் போட்ட மஞ்ச எச்சரிக்கைய ஆரஞ்சா மாத்திட்டான் அண்ணே. பர்மா பாஷைல சொன்னா ஒங்க காதுல ஏறாதா?"

"என் கல்யாணத்துலயும் இப்படித்தான் சொன்ன," என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பினேன். டாலா படகில் ஏறியதும் எனக்குச் சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது. குளிர்காலத்தில் அக்கரைக்குப் போகும்போது காற்று முதுகில்தான் அடிக்கும், வடக்கிலிருந்து, உலர்ந்து. அன்றைக்கு முகத்தில் அடித்தது. ஈரமாக இருந்தது. வடக்கே மூன்று நாளாகக் குளிர் குறைந்துவிட்டதாக அறிக்கை சொல்லியிருந்தது. இவ்வளவு பெரிய நாட்டில் தலைமாட்டில் ஒன்று மாறினால் கால்மாட்டில் இன்னொன்று மாறும். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.

படகுத்துறையில் சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷா பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வானம் நீலமாக, களங்கமில்லாமல், என்னைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே இருந்தது. அண்ணன் வாசலில் உட்கார்ந்து அதே காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலில் நெல் மஞ்சளாகப் படுத்திருந்தது.

நான் அவர் கையிலிருந்த போனை வாங்கி, படத்தில் அம்புக்குறி இருக்கும் இடத்தில் நிறுத்தினேன்.

"இது எங்க முடியுது, சொல்லுங்க."

"ஓரத்துல."

"ஓரத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

 அந்தப் படம் அந்தமானோடு வெட்டியிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் வரையவில்லை. "படத்த விட்டு வெளிய போனா ஒலகத்த விட்டே போயிருமா? அந்த வெளியிலதான் அண்ணே நாம குந்தியிருக்கோம்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வயல் ஊலே, பர்மியப் பெரியவர், என்னவோ சண்டை என்று எட்டிப் பார்த்தார்.

அண்ணன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பாப்போம், சாயங்காலம் இன்னொன்னு போடுவாரு," என்றார்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் தலையில் அடித்துக்கொள்ளப் போனேன். அதற்குள் அண்ணி கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். "ஒங்க அண்ணன் போனப் பாக்கட்டும். நாம நெல்லப் பாப்போம் வாங்க."

தையல்காரிக்கு வயல் வேலை என்ன தெரியும்? குனிந்து அள்ளினேன், கட்டினேன், சுமந்தேன். கால் மணி நேரத்தில் இடுப்பு என்னைத் திட்ட ஆரம்பித்தது. ஊலே சிரித்துக்கொண்டே வந்து ஏன் என்று கேட்டார். அவருக்குப் பர்மிய மொழியில் முந்தின நாள் அறிக்கையை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் தென்மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தன் இரண்டு மகன்களையும், வண்டி பூட்டிய உழவு இயந்திரத்தையும் கூட்டிவந்தார். அவர் நெல்லையும் எங்கள் நெல்லையும் சேர்த்தே ஏற்றுவது என்று பேச்சு.

மத்தியானத்துக்கு மேல் மின்சாரம் போய் நெட்டும் போயிற்று. பார்ப்பதற்குக் காணொளி இல்லாத அண்ணன் லொஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.  வந்த பிறகு இரண்டு ஆள் வேலை பார்த்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூங்கில் பரப்பி, கதிர் உள்ளே, தாள் வெளியே என்று போர் அடுக்கியது அவர்தான். மூன்று நாள் வெயில் கண்ட நெல்லாதலால் அடுக்கத் தாங்கியது. பொழுது சாயும்போது தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றை இறுக்கினோம். என் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அப்போதும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அக்கம்பக்கத்தில் அறுத்துப் போட்டிருந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் சாம்பலாகிவிட்டது. ஆனால் மழை இல்லை. பத்து மணிக்கு நெட் வந்தது. புயல் கடலிலேயே வலுவிழந்துவிட்டது என்று செய்தி. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண ஊர்வலத்துக்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்துவிட்ட மாதிரி எழுந்து நின்றார்.

"பாத்தியா? மொன்டைங் புயலு செத்துப் போச்சு. ஒரு நாள் பூரா எங்க முதுகெலும்ப ஒடச்சிட்ட."

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்," என்றேன். வீறாப்பாகச் சொன்னேனே ஒழிய கண் வானத்தை விட்டு அகலவில்லை. இந்தத் தடவையும் தப்பினால் சாகிறவரை குடைக் கதைதான். உள்ளுக்குள் முருகனிடம் மழை கேட்டேன். அடுத்தவர் நெல் வயலில் கிடக்கிறதே என்று உடனே வெட்கப்பட்டு, கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு முதல் சொட்டு தார்ப்பாயில் விழுந்தது. பிறகு மூன்று நாள் விடவில்லை. செத்த புயலின் மழைதான், ஆனால் எங்கள் ஊர் ஆடி மாதம்போல் கொட்டியது. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சிரித்துவிட்டுப் போன இருவரின் கதிர் படுத்த இடத்திலேயே வெள்ளையாக முளைவிட்டது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் நாலாம் நாள் எங்கள் தார்ப்பாயை விலக்கி, அண்ணன் போருக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு பிடி நெல்லை உருவினாரே, அதைப் பார்க்க மனம் நிறைந்துவிட்டது. ஒரு மணியைப் பல்லால் கடித்தார். 'டக்' என்றது. காய்ந்த நெல்.

என்னை வழியனுப்ப அவர் படகுத்துறைவரை வந்து, சைக்காக்காரரிடம் பேரம் பேசுவதுபோல் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "பாத்துப் போ," என்றார். அண்ணிதான் என் உள்ளங்கையில் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார். ஊலே என் எண்ணை வாங்கித் தன் மகன் போனில் பதிந்துகொண்டார்.

அந்த வாரத்திலிருந்து நான் பேசிய அறிக்கையைக் குழுவில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. நானும் பார்க்கவில்லை. சீருடைத் தையல் தலைக்கு மேல் இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள், ரங்கூனில் இரண்டு நாளாக மூட்டம். சென்னைக்காரர் வழக்கம்போல் நல்ல வெயில் என்று சொல்லியிருந்தார், அவர் ஊருக்கு. மத்தியானம் போன் அடித்தது. அண்ணன். அவராக என்னைக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

"நாளைக்குப் புது அரிசி பொங்கணும்," என்றார்.  பிறகு தொண்டையைச் செருமினார். "அடுப்ப வெளிய போடவா, உள்ள போடவா? நீ என்ன சொல்ற?"

முப்பது வருஷம் காத்திருந்த கேள்வி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்காக அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடவில்லை. போனைக் கையில் பிடித்தபடி மாடிக்குப் போய் நின்றேன். காற்று முதுகில் பட்டது, உலர்ந்து, வடக்கிலிருந்து. கச்சின் மலையில் நேற்று நல்ல பனி என்று அறிக்கையில் கேட்டிருந்தேன்.

"வெளியிலயே போடுங்க அண்ணே," என்றேன். "குடை வேணாம்."