உயிருள்ளதா, இறந்ததா

காசநோய் மருந்துகளை முழுமையாக உண்டு முடித்து ஓராண்டு கழிந்தபின் எனக்கு மீண்டும் இருமல் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் சரக்குந்துகள் எழுப்பும் புழுதியே காரணம் என்றாள் மனைவி. ஆயினும் செந்துறையிலிருந்து மகள் கைக்குழந்தையுடன் வரவிருந்தமையால், அரியலூர் மருத்துவமனையில் சளியைச் சோதிக்கக் கொடுத்தேன். மரபணுச் சோதனை அன்று மாலையே கிருமி உண்டென்றது.

“பதறாதீங்கய்யா,” என்றார் மருத்துவர். “இந்த மெஷின் கிருமியோட மரபணுவைத்தான் தேடும். அது போன வருஷம் செத்த கிருமியோட மிச்சமாவும் இருக்கலாம். உயிரோட இருக்கான்னு வளத்துப் பாத்தாத்தான் தெரியும். ஒன்றரை மாசங்கூட ஆவும். அதுவரைக்கும் குழந்தையத் தூக்காதீங்க.”

வீடு திரும்பியும் என்னால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. ஒவ்வோர் இருமலையும் பழையதா புதியதா என்று ஆராய்ந்தபடி உலவினேன்.

“செத்த கிருமிக்கா வாசலுக்கும் கொல்லைக்கும் இப்புடிக் காவல் நடக்குறீங்க? ஒக்காருங்க, எனக்குத் தல சுத்துது,” என்றாள் மனைவி.

“உயிரோட இருந்துட்டா?”

அவள் கைப்பேசியை நீட்டினாள். காரணத்தைச் சொல்லி, வரவேண்டாம் என்று மகளிடம் கூறினேன்.

“பையெல்லாம் கட்டிட்டேம்ப்பா. வாசல்லயே நின்னு குழந்தையக் காட்டிட்டுப் போயிடுறேன்.”

“வேணாம்மா. பாத்துட்டா, தூக்காம இருக்க என்னால முடியாது.”