திரை போட்ட அறையில் பொரித்த மீன்

கீழ் வீட்டுப் பையன் கார்த்திக் போன வாரம் படியேறி வந்தான். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிறானாம். பஹ்ரைனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழை ஆங்கிலத்தில் தொட்டுத் தொட்டுத்தான் பேசுவான். "ஆன்ட்டி, யூகேல எங்க நல்லா சாப்பிடலாம்னு உங்கள கேக்கச் சொன்னாங்க அம்மா. சீரியஸா கேக்கறேன்" என்றான். சீரியஸாகக் கேட்காமல் வேறு எப்படிக் கேட்பது? ஈசா டவுனில் எங்களுக்குத் தெரிந்தவர் யார் எந்த ஊருக்குப் பெட்டி கட்டினாலும், சாப்பாட்டுக்கு வழி கேட்க என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்பார் என் வீட்டுக்காரர். கொஞ்சமா! அவர் பெருந்தன்மையான மனிதர்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், எப்போதாவது உதவும். லண்டனில் இறங்கியதும் பிரியாணி தேடி அலையாதீர்கள். அதற்கு இங்கே பஹ்ரைனில் மனாமாவே போதும். ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் நம் ஊர் தோசை கிடைக்கும், நன்றாகவே இருக்கும், ஆனால் அதைத் தின்னவா அவ்வளவு தூரம் போனீர்கள்? யாழ்ப்பாணத்துக்காரர்கள் நடத்தும் கடை கண்ணில் பட்டால் மட்டும் விடாதீர்கள். கொத்து ரொட்டியும் மட்டன் ரோலும் சொல்லிவிட்டு, "உறைப்பா போடுங்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் வரைக்கும் நாக்கு நினைவு வைத்திருக்கும். லெஸ்டரில் குஜராத்திகள் கடைகளில் சைவச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏதாவது பழைய பப்பில் ரோஸ்ட் சாப்பிடுங்கள். அதோடு உப்பிய பூரி மாதிரி ஒன்று வரும், அதில் குழம்பை ஊற்றிக்கொள்ள வேண்டும். உப்பு காரம் குறைச்சல்தான், பையில் மிளகாய்ப் பொடி இருந்தால் குற்றமில்லை. நான் கொண்டு போயிருந்தேன்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஸ்கெக்னஸ் கடற்கரையில் காகிதத்தில் பொதிந்து கொடுக்கும் பொரித்த மீன் ஒரு பக்கம். வினிகரும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை, கை சுடும், காற்று முகத்தில் அடிக்கும், கடற்பறவை ஒன்று பக்கத்தில் நின்று நம் வாயையே பார்க்கும். வெட்டவெளியில், ஊரே பார்க்க, நான் அந்த மீனைத் தின்று கொண்டிருந்தபோது மனது போன இடம் எது தெரியுமா? மனாமாவில் ஒரு மலையாளி ஹோட்டலின் மாடி. அங்கே மீனைத் தின்பதை ஒருத்தரும் பார்க்க முடியாது. திரை போட்டிருப்பார்கள்.

அந்தக் காலத்து வளைகுடா ஹோட்டல்களைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கீழே ஆண்கள் சாப்பிடும் கூடம். மாடியில் பெண்களோடு வருபவர்களுக்கு வரிசையாகச் சின்னச் சின்ன ‘ஃபேமிலி’ அறைகள், நடுவில் பிளைவுட் தடுப்பு, முன்னால் கனத்த திரை. உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டால் உங்கள் உலகம் தனி. பரிமாறுகிறவர் வெளியே நின்று இருமுவார், நாம் குரல் கொடுத்தால்தான் உள்ளே வருவார். மூடிய திரையைத் தானாக விலக்கிப் பார்ப்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

அப்போது நான் பள்ளிக்கூட ஆசிரியை. கோமதி அதே பள்ளியில் அலுவலக வேலை. நான் பாளையங்கோட்டை, அவள் சங்கரன்கோவில், இது போதாதா! என் வீட்டுக்காரருக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று டியூட்டி, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வெள்ளிக்கிழமைகளில் நானும் கோமதியும் டாக்சி பிடித்து அந்த மாடிக்குப் போய்விடுவோம். அவள் மீன் முள் எடுக்கிற அழகைப் பார்த்தால் நமக்கும் பசிக்கும்.

அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போனது. அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். கடைசியில் லெஸ்டரில் வேலை பார்க்கும் ஒரு கோவில்பட்டி மாப்பிள்ளை அமைந்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊரிலிருந்து லண்டன் திரும்புகிற வழியில் ஒரு பகல் பஹ்ரைனில் இறங்குவதாக ஏற்பாடு. அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா வேலைய விட்டுட்டு ஊருக்குக் கெளம்பிருட்டி. எத்தன நாள் இங்க வச்சிருக்க முடியும்?" சங்கரன்கோவிலில் போய் உட்கார்ந்தால் அவள் கதி என்ன என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அண்ணன் குடும்பம் இருந்தது இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்ட ஃபிளாட்டில் ஒரே ஒரு அறையில். அங்கே வைத்து எப்படிப் பெண் பார்ப்பது? "எங்க வச்சுப் பாக்கலாம்?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, நான் ஹோட்டல் பெயரைச் சொல்லிவிட்டேன். மாடி, திரை போட்ட அறை, கௌரவமாக இருக்கும், மீன் பிரமாதம். அவள் மயினி, அண்ணன் பெண்டாட்டி, பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போயிருந்தாள். அண்ணன் டியூட்டி முடிந்துதான் வர முடியும். ஆகவே பெண் வீட்டுப் பெரியவள் நான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

போய் உட்கார்ந்தோம். வரவில்லை. ஜூஸ் குடித்தோம். வரவில்லை. கையில் போன் வைத்துக்கொண்டு அலைகிற காலம் இல்லை அது. இருமிக்கொண்டு வந்தவரிடம், "யாராச்சும் எங்களத் தேடி வந்தாங்களா?" என்று இரண்டு தரம் கேட்டேன். அவர் கீழே கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மாஃபி சேச்சி, யாரும் வந்தில்ல" என்றார். அன்றைக்கு ஏசி வேறு லாரி மாதிரி இரைந்தது, கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எனக்கு நேரம் ஆக ஆக ரத்தம் கொதித்தது.

"லண்டன்காரன்னா தலையில கொம்பா மொளச்சிருக்கு? ஒரு பொம்பளப் பிள்ளைய இப்படிக் காக்க வைப்பாவளா? பெத்தவளுக்காவது புத்தி வேண்டாமா!"

கோமதி மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எக்கா, இனி வர மாட்டாவ. பசிக்கி. ஒரு மீன் சொல்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஜூஸோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் பேச்சு. இப்போது யாருக்காக? முழு ஹமூர் மீன் வந்தது, மசாலா தடவிப் பொரித்து, மேலே வெங்காயம் தூவி. அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து ஏசி டக்கென்று நின்றது. அந்தப் பழைய சன்னல் ஏசிகள் அப்படித்தான், கொஞ்சம் குளிர்ந்ததும் மூச்சு விடும். எங்கும் அமைதி. கோமதியோ அதே கத்தல் குரலில் பேசிக்கொண்டு போனாள்.

"வந்திருந்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்க்கா. அங்க நான் வேலைக்குப் போலாமா, இல்ல குளிருக்குள்ள வீட்டையே காத்துக்கிட்டுக் கெடக்கணுமான்னு. அண்ணன் கேக்க மாட்டான். நீங்களும் கேக்க மாட்டிய. பொறவு இன்னொண்ணு. மீன் கொழம்பு நான் நல்லா வைப்பேன்னு அண்ணன் அவியகிட்ட அளந்து விட்டிருக்கான். எனக்கு மீனத் திங்கத்தான தெரியும்!"

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரித்தாள். நாற்காலி நகர்ந்தது. எங்கள் திரைக்கு வெளியே இருமல் கேட்டது, இது பரிமாறுகிறவர் இருமல் இல்லை.

"உள்ள வரலாமா? நாங்கதான் மாப்ள வீடு. உங்களுக்கு முந்தியே வந்து பக்கத்துலதான் உக்காந்திருக்கோம். நீங்க எங்கள அவமானப்படுத்திட்டியன்னு நான் இவன்ட்ட பொலம்பிக்கிட்டுல்ல இருந்தேன்!"

எங்களுக்கு அவர் சொன்ன பதிலைத்தான் அந்தப் பரிமாறுகிறவர் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். மூடிய திரைக்குள் இருப்பவர்களும் யாரையாவது தேடலாம் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது? கோமதி எச்சில் கையோடு எழுந்திருக்கப் போனாள். அந்த அம்மா தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். "சாப்பிடும்மா, பாதியில எந்திரிக்கக் கூடாது" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, மகன் தலையைப் பிடித்து என் முன்னால் குனிய வைத்து, "கொம்பு இருக்கான்னு நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார்கள். நான் கத்தியது ஏசி இரைச்சலில் அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது, யாரை என்றுதான் அப்போது விளங்கவில்லை.

மாப்பிள்ளை நிமிர்ந்து திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது. "வேலைக்குப் போகலாங்க. நீங்க போகணும்னுதான் நானும் நெனச்சேன். சமையல் நான் பாத்துக்கிடுவேன். மீன் கொழம்பு எனக்கும் வராது" என்றார். கோமதி தலை நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். அது போதும். அண்ணன் டியூட்டி முடிந்து மூச்சிரைக்க மாடி ஏறி வந்தபோது நாங்கள் நாலு பேரும் இரண்டாவது மீனில் இருந்தோம்.

சில மாதத்தில் அவள் லெஸ்டர் போய்விட்டாள். போய் வேலையிலும் சேர்ந்தாள். இங்கிலாந்தில் நான் சாப்பிட்ட அத்தனை இடமும் அவள் கூட்டிப்போய்க் காட்டியதுதான். அந்த ஹோட்டல் ராசி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமை அடித்தேன். சம்பந்தம் முடிந்தாலும் அவள் போவாள், முறிந்தாலும் போவாள், இரண்டிலும் வெள்ளிக்கிழமை நான் தனி என்பது மட்டும் அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. டாக்சியில் வாய்விட்டு அழுதேன். ஓட்டிய பட்டான் பாவம், "கியா ஹுவா பஹன்?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறி, வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீம்புக்கு அதே ஹோட்டலுக்குப் போனேன். மாடிப்படி அடியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நின்றிருந்தார். எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, "ஃபேமிலியா?" என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். “இல்ல, பார்சல்தான்” என்றேன். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மொபைல் கடை. மற்ற ஹோட்டல்களிலும் தடுப்பை உடைத்துக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். பெண்கள் தனியாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள், நல்லதுதான், நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். வாசலில் நின்று அந்தக் கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை. யாராவது ஒருத்தர் கேட்டால் தேவலை. ஆமா தம்பி, ஃபேமிலிதான், ஒருத்தி மட்டும் லெஸ்டர்ல இருக்கா என்று சொல்லிவிட்டு மாடி ஏறுவேன்.